‘வேண்டும்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? கட்டாயம், கடமை, பொறுப்பு: முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மாலை நேரத்தில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறார். உறைபனி விழும் மாதம். மேல்மாடியில் வயதான தம்பதி தங்கியிருந்தார்கள். அந்தக் குளிரில் அவர்கள் எதற்குப் படியிறங்க வேண்டும், டிபனை நாமே அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். முதல்நாள் இரவே அவர்களிடம் “யூ மஸ்ட் நாட் கம் டவுன் ஃபார் ப்ரேக்ஃபாஸ்ட்” என்று சொல்லிவிட்டார். அவர் மனதில் இருந்தது “நீங்க கீழே வர வேண்டாம்”. அவர்கள் காதில் விழுந்தது “நீங்கள் கீழே வரக்கூடாது”. காலையில் இட்லித் தட்டோடு மேலே போனால் அறை பூட்டியிருக்கிறது. இருவரும் பேக்கரி தேடி டவுனுக்குப் போய்விட்டார்கள்.

அன்போடு சொன்ன வார்த்தை தடை உத்தரவாகிவிட்டதே என்று அவருக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. எனக்கும்தான். அவர் செய்த தப்பு கவனக்குறைவில் வந்ததில்லை. நம் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு சொற்களும் தமிழில் அத்தனை வேலையையும் பார்த்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் அதே வேலையைப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. எந்த இடத்தில் எது என்று யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

சுற்றுலாப் பயணிகளிடம் பேசும் ஓட்டுநர்கள், கைடுகள், ஓட்டல் ஊழியர்கள், தேயிலை ஃபேக்டரி அலுவலகத்தில் மெயில் எழுதுபவர்கள், இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகள் ஆகியோரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க அதுதான் வசதி.

தொடங்கும் முன் ஒரு தெளிவு. கட்டாயத்தைச் சொல்லும் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று தேடுபவர்களுக்கு இரண்டு வகைச் சொற்கள் கலந்து கிடைக்கும். ‘ஹேவ் டு’, ‘சப்போஸ்ட் டு’, ‘ஆட் டு’ போன்றவை ஒரு வகை. இவை இன்னொரு வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து உதவி செய்பவை, அதாவது துணைவினைகள். ‘கேரி அவுட்’, ‘ஸ்டிக் டு’, ‘புட் அப் வித்’ போன்றவை இன்னொரு வகை. ஒரு வினையும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தரும் இவைதான் சரியான ஃப்ரேசல் வெர்ப்கள். பேச்சில் இரண்டும் கைகோத்தே வரும் என்பதால் இரண்டையும் பார்ப்போம். முதல் வகை பிடிபடாமல் இரண்டாவதற்குப் போகாதீர்கள்.

முதல் படி: இந்தக் கட்டாயம் எங்கிருந்து வருகிறது?

வாக்கியத்தை மொழிபெயர்க்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் வகுப்பில் முதல் வாரம் முழுக்க இதை மட்டும்தான் செய்கிறோம்.

“சீக்கிரம் கிளம்பணும்” என்று ஒரு டாக்ஸி ஓட்டுநர் சொல்கிறார் என்று வையுங்கள். எதனால் கிளம்ப வேண்டும்? முதுமலையைத் தாண்டினால் பந்திப்பூர். அங்கே இரவு 9 மணிக்குக் கேட் மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள், 2009 முதல் அப்படித்தான். இது வெளியே இருந்து வரும் விதி. அதனால் “வீ ஹேவ் டு லீவ் ஏர்லி”.

அதே ஓட்டுநருக்கு மகளுடைய பள்ளி ஆண்டுவிழா. எப்படியாவது போய்விட வேண்டும் என்று அவரே உறுதியாக இருக்கிறார். கட்டாயம் அவருடைய மனதுக்குள்ளிருந்து வருகிறது. “ஐ மஸ்ட் லீவ் ஏர்லி”.

முதலாளியோடு முன்பே பேசிவைத்த ஏற்பாடு, மூன்று மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு என்றால் “ஐம் சப்போஸ்ட் டு லீவ் அட் த்ரீ”. சீக்கிரம் கிளம்புவது நல்லது, அவ்வளவுதான் என்றால் “வீ ஷுட் லீவ் ஏர்லி”. கிளம்பாவிட்டால் மூடுபனியில் மாட்டிக்கொள்வோம் என்ற எச்சரிக்கை என்றால் “வீட் பெட்டர் லீவ் நவ்” (‘வீ ஹேட்’ சுருங்கி ‘வீட்’).

தமிழில் எல்லாம் ‘கிளம்பணும்’தான். கேட்பவர் நம் குரலையும் சூழ்நிலையையும் வைத்துப் புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் அந்த வேலையைத் துணைவினை செய்தாக வேண்டும்.

இதோடு சேர்த்து ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். “நான் ஊட்டிக்குப் போகணும்” என்றால் போக ஆசை என்றும் பொருள், போயே ஆக வேண்டிய நிலை என்றும் பொருள். ஆசை என்றால் ‘ஐ வான்ட் டு கோ’. நிலை என்றால் ‘ஐ ஹேவ் டு கோ’. ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்கும்போது “ஐ வான்ட் டு கோ டு தி ஹாஸ்பிட்டல்” என்றால், போக விருப்பமாக இருக்கிறது என்றுதான் கேட்கும். மேனேஜர் லீவு தரத் தயங்கினால் ஆச்சரியமில்லை.

இரண்டாம் படி: ‘ஹேவ் டு’வை முழுமையாகக் கைக்குள் கொண்டுவாருங்கள்

ஒன்றே ஒன்றுதான் கற்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். அன்றாடப் பேச்சில் வரும் கட்டாயத்தில் பெரும்பகுதியை இதை வைத்தே சமாளித்துவிடலாம். இன்னொரு வசதி, இது எல்லாக் காலத்துக்கும் வளைந்து கொடுக்கும்.

இப்போது: “ஐ ஹேவ் டு கோ”, “ஷீ ஹேஸ் டு கோ”. நேற்று: “ஐ ஹேட் டு கோ”. நாளை: “ஐ வில் ஹேவ் டு கோ”. பல நாளாக: “ஐவ் ஹேட் டு கோ எவ்ரி வீக்”. ‘மஸ்ட்’டுக்கு இந்தக் குடும்பமே கிடையாது. அதற்கு இறந்தகாலம் இல்லை. அதனால் “நேற்று மழையில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது” என்பதை “யெஸ்டர்டே ஐ மஸ்ட் ஸ்டாப்” என்று சொல்ல முடியாது. “ஐ ஹேட் டு ஸ்டாப்” ஒன்றுதான் வழி.

கேள்வி கேட்கும்போது ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ துணைக்கு வர வேண்டும். “டூ ஐ ஹேவ் டு பே நவ்?”, “டஸ் ஹீ ஹேவ் டு கம்?”, “டிட் யூ ஹேவ் டு வெயிட் லாங்?” ‘ஹேவ் ஐ டு பே’ என்று கேட்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

உச்சரிப்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆங்கிலேயரோ அமெரிக்கரோ பேசும்போது ‘ஹேவ் டு’ என்று பிரித்துக் கேட்காது. ‘ஹேஃப்டு’ என்று ஒட்டிக்கொண்டு வரும். ‘ஹேஸ் டு’வும் ‘ஹேஸ்டு’ என்று அழுத்தமான ஸகரத்தோடு ஒரே சொல்லாகக் கேட்கும். ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்பது ‘ஐவ் காட்டா கோ’ ஆகிவிடும். இந்தக் ‘காட்டா’ பொருளில் ‘ஹேவ் டு’தான், கொஞ்சம் அவசரம் கூட. பேச்சில் சரி, மெயிலில் எழுதாதீர்கள்.

இன்னும் ஒரு பிழை. “யூ மஸ்ட் ஹேவ் டு சைன்” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது நம்மிடம் மிகவும் பரவலாக இருக்கிறது. ‘கண்டிப்பா கையெழுத்துப் போட்டே ஆகணும்’ என்று அழுத்தம் கொடுக்க நினைத்து இரண்டையும் போடுகிறோம். ஒன்று போதும். ‘மஸ்ட் டு’, ‘ஷுட் டு’ இரண்டும் தவறு. ‘மஸ்ட்’, ‘ஷுட்’ இரண்டுக்கும் பின்னால் நேராக வினை வர வேண்டும்.

மூன்றாம் படி: ‘மஸ்ட்’டை அளந்து பயன்படுத்துங்கள்

பள்ளியில் முதலில் கற்றுத்தந்தது இதுதான் என்பதால் நாம் எல்லாவற்றுக்கும் இதையே எடுக்கிறோம். ஒரு மனிதர் இன்னொருவரைப் பார்த்து “யூ மஸ்ட்” என்றால், கட்டளையிடும் அதிகாரம் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார் என்று பொருள். விருந்தினரிடம் “யூ மஸ்ட் கிவ் ஐடி கார்டு” என்றால் அதட்டுவதுபோல் இருக்கும்.

மூன்று இடங்களில் இது அழகாகப் பொருந்தும். அறிவிப்புப் பலகையில்: “விசிட்டர்ஸ் மஸ்ட் ஸ்டே ஆன் தி பாத்”. பிரியமாக வற்புறுத்தும்போது: “யூ மஸ்ட் ட்ரை அவர் வர்க்கி”. டீக்கடையில் வர்க்கியை நீட்டிச் சொல்லும்போது இதில் அதிகாரம் துளியும் இருக்காது, அன்பு மட்டும்தான் இருக்கும். மூன்றாவது, ஊகம். மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவு வளைவாக ஏறி வந்து இறங்குபவரைப் பார்த்து “யூ மஸ்ட் பி டயர்ட்” என்கிறோம். களைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை, களைத்திருப்பீர்கள் என்று கணிக்கிறோம்.

“கண்டிப்பா எங்க வீட்டுக்கு வாங்க” என்பதைக் “கம்பல்சரி கம்” என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘கம்பல்சரி’ என்பது பள்ளிச் சீருடைக்கும் ஹெல்மெட்டுக்கும் உரிய சொல். வீட்டுக்கு அழைக்க “யூ மஸ்ட் கம்” போதும், அல்லது “டூ கம்” என்று முதல் சொல்லை அழுத்திச் சொல்லுங்கள்.

நான்காம் படி: ‘சப்போஸ்ட் டு’

எனக்கு மிகவும் பிடித்தது இது. நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் இல்லை என்றுகூடச் சொல்வேன். ஏற்பாடு ஒன்று இருக்கிறது, ஆனால் அது நடக்குமா என்பது வேறு விஷயம் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் காலை 7.10 மணிக்குக் கிளம்ப வேண்டும். “தி ட்ரெயின் இஸ் சப்போஸ்ட் டு லீவ் அட் செவன் டென்”. அட்டவணை அப்படிச் சொல்கிறது. 46 கிலோமீட்டர் பாதையில் எங்காவது மண் சரிந்திருந்தால் கிளம்பாது, அதையும் இந்த வாக்கியம் ஏற்றுக்கொள்கிறது. “தி ட்ரெயின் மஸ்ட் லீவ்” என்று சொன்னால் நீங்களே ஸ்டேஷன் மாஸ்டர்போல உத்தரவு போடுகிறீர்கள்.

தமிழில் இதற்கு நிகரான வடிவம் இருக்கிறது: ‘வரவேண்டியது’. “பஸ் எட்டு மணிக்கே வரவேண்டியது, இன்னும் காணோம்” என்கிறோமே, அதுதான் “தி பஸ் வாஸ் சப்போஸ்ட் டு கம் அட் எய்ட்”. இறந்தகாலத்தில் சொன்னால் பெரும்பாலும் நடக்கவில்லை என்று பொருள். “ஐ வாஸ் சப்போஸ்ட் டு கால் யூ” என்று ஒருவர் சொன்னால் அவர் கூப்பிடவில்லை என்று அர்த்தம். மன்னிப்பின் முதல் பாதி அது. அடுத்து ‘சாரி’ சொல்லிவிடுங்கள்.

எதிர்மறையில் இன்னும் சுவாரசியம். “யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு பார்க் ஹியர்” என்றால் இங்கே நிறுத்தக்கூடாதுதான். விதி அப்படி, நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள், நான் சண்டைக்கு வரவில்லை. ஒரு தப்பைத் தன்மையாகச் சுட்டிக்காட்ட இதைவிட நல்ல வழி ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. குரங்குக்கு பிஸ்கட் போடும் பயணியிடம் “டோன்ட் ஃபீட்” என்று கத்துவதற்குப் பதில் “சார், வீ ஆர் நாட் சப்போஸ்ட் டு ஃபீட் தெம்” என்று சொல்லிப் பாருங்கள். ‘யூ’வுக்குப் பதில் ‘வீ’ போட்டால் இன்னும் மென்மை.

பேசும்போது ‘சப்போஸ்டு’ என்று ஒரே டகரம்தான் கேட்கும். எழுதும்போது கடைசி ‘டி’ எழுத்தை விட்டுவிடாதீர்கள். இன்னொரு பொருளும் இதற்கு உண்டு. “திஸ் டீ இஸ் சப்போஸ்ட் டு பி குட் ஃபார் யூ” என்றால் நல்லது என்று சொல்கிறார்கள் என்று பொருள். அங்கே கட்டாயம் எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: ‘ஷுட்’, ‘ஆட் டு’, ‘ஹேட் பெட்டர்’

‘ஷுட்’ அறிவுரை. “தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம், ஸ்வெட்டர் எடுத்துக்கணும்” என்பதற்கு “யூ ஷுட் டேக் எ ஸ்வெட்டர்”. எடுக்காவிட்டால் குளிரும், வேறொன்றும் இல்லை.

‘ஆட் டு’ பொருளில் ஏறக்குறைய அதேதான், கொஞ்சம் நியாய தர்மத்தின் பக்கம் சாயும். “வீ ஆட் டு லுக் ஆஃப்டர் அவர் பேரன்ட்ஸ்”. இந்தச் சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் மறக்காது. கடன்பட்டிருப்பதைச் சொல்லும் ‘ஓ’ என்ற ஆங்கில வினையின் பழைய இறந்தகால வடிவம்தான் ‘ஆட்’. நாமும் காலைக்கடன், இறுதிக்கடன் என்று கடமையைக் கடனாகத்தானே சொல்கிறோம்? கடன், கடமை இரண்டும் நம்மிடம் ஒரே வேரிலிருந்து வந்தவை. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே எண்ணத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு இப்போதும் வியப்பு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ‘ஷுட்’டுக்குப் பின் ‘டு’ இல்லை, ‘ஆட்’டுக்குப் பின் ‘டு’ உண்டு.

‘ஹேட் பெட்டர்’ ஆபத்தானது. ‘பெட்டர்’ என்ற சொல்லைப் பார்த்து, ‘செய்தால் நல்லது’ என்று சாந்தமாகச் சொல்வதாக நினைத்துவிடுகிறோம். உண்மையில் ‘செய்யாவிட்டால் கெட்டது நடக்கும்’ என்ற எச்சரிக்கை அது. “யூட் பெட்டர் பே டுடே” என்று வாடிக்கையாளரிடம் சொன்னால் மிரட்டலாகவே கேட்கும். நண்பரிடம் சொல்லலாம், ‘வீ’ சேர்த்துச் சொல்லலாம்: “வீட் பெட்டர் கோ டவுன் இன் செகண்ட் கியர்”. ‘ஹேட்’ இருந்தாலும் இது இறந்தகாலம் கிடையாது. எதிர்மறையில் ‘நாட்’ கடைசியில் வரும்: “யூட் பெட்டர் நாட் ஸ்டாப் ஹியர், தேர் ஆர் எலிஃபன்ட்ஸ்”.

ஆறாம் படி: ‘வேண்டாம்’ என்ற சிக்கல்

அந்த இட்லித் தட்டுக்கு வருவோம். நேர்மறையில் ‘மஸ்ட்’டும் ‘ஹேவ் டு’வும் அக்கா தங்கைபோல இருப்பவை. எதிர்மறையில் எதிரெதிர்த் திசைக்குப் போய்விடுகின்றன. ‘மஸ்ட் நாட்’ என்றால் தடை. ‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் விடுதலை.

தமிழில் இதற்கு அருமையான சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘கூடாது’ என்றால் ‘மஸ்ட் நாட்’. ‘வேண்டியதில்லை’, ‘தேவையில்லை’ என்றால் ‘டோன்ட் ஹேவ் டு’ அல்லது ‘டோன்ட் நீட் டு’. சிக்கல் செய்வது ‘வேண்டாம்’ மட்டுமே. “வர வேண்டாம்” என்றால் வராதே என்றும் இருக்கலாம், சிரமப்படாதே என்றும் இருக்கலாம். ஆகவே வழி இதுதான்: மனதில் ‘வேண்டாம்’ வந்தால் உடனே ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். முதலில் தமிழிலேயே அதைக் ‘கூடாது’ என்றோ ‘தேவையில்லை’ என்றோ மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் ஆங்கிலம் தானாக வரும்.

இ-பாஸை வைத்துப் பயிற்சி செய்யலாம், எப்படியும் தினமும் கேட்கப்படும் கேள்வி அது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். “யூ ஹேவ் டு கெட் அன் இ-பாஸ் பிஃபோர் யூ கம் அப்”. அரசுப் பேருந்தில் வருபவருக்குத் தேவையில்லை: “இஃப் யூ கம் பை பஸ், யூ டோன்ட் ஹேவ் டு கெட் ஒன்”. உள்ளூர் டிஎன் 43 வண்டிகளுக்கும் தேவையில்லை: “லோக்கல் வெஹிக்கிள்ஸ் டோன்ட் ஹேவ் டு”. இங்கே ‘மஸ்ட் நாட்’ போட்டால் பேருந்துப் பயணி இ-பாஸ் எடுப்பதே குற்றம் என்றாகிவிடும்.

இப்போது காடு. முதுமலைச் சாலையில் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. “யூ மஸ்ட் நாட் கெட் அவுட் ஆஃப் தி கார்”. இங்கே தவறிப்போய் ‘டோன்ட் ஹேவ் டு கெட் அவுட்’ என்று சொன்னால், இறங்குவதும் இறங்காததும் உங்கள் விருப்பம் என்று பொருள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்த மாதிரிப் பிழை வரவே கூடாது. ‘மஸ்ட் நாட்’ சேர்ந்து வரும்போது நடுவில் உள்ள ‘டி’ ஒலிக்காது, ‘மஸன்ட்’ என்று சொல்லுங்கள். (கார் என்றால் ‘கெட் அவுட் ஆஃப்’, பஸ், ரயில் என்றால் ‘கெட் ஆஃப்’. நாம் சொல்லும் ‘கெட் டவுன்’ இந்தியா முழுக்கப் புரியும், வெளிநாட்டவருக்குக் குனியச் சொல்வதுபோல் கேட்கலாம்.)

ஹோம்ஸ்டேத் தம்பி சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்: “யூ டோன்ட் ஹேவ் டு கம் டவுன். ஐல் ப்ரிங் இட் அப்.”

ஏழாம் படி: நடந்து முடிந்தவை

‘வந்திருக்கணும்’ என்ற ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு முகம். “விளக்கு எரியுது, அவர் வந்திருக்கணும்” என்றால் ஊகம்: “ஹீ மஸ்ட் ஹேவ் கம்”. “கல்யாணத்துக்கு அவர் வந்திருக்கணும், வரலையே” என்றால் ஆதங்கம்: “ஹீ ஷுட் ஹேவ் கம்”. முதலாவதில் அவர் வந்துவிட்டார் என்று நம்புகிறோம், இரண்டாவதில் வரவில்லை என்று தெரிந்தே பேசுகிறோம். மாற்றிச் சொன்னால் கதையே தலைகீழ்.

வேறு வழியின்றிச் செய்த வேலைக்கு ‘ஹேட் டு’. குன்னூர் சாலையில் மண்சரிவு, கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று: “வீ ஹேட் டு கோ அரவுண்ட் பை கோத்தகிரி”. ‘கடைசியில அப்படி ஆகிப்போச்சு’ என்ற சலிப்பையும் சேர்க்க வேண்டுமானால் “வீ எண்டட் அப் ஹேவிங் டு கோ அரவுண்ட்”.

வந்திருக்க வேண்டியதில்லை, வீணாக வந்துவிட்டார் என்றால் “யூ நீடன்ட் ஹேவ் கம்”.

எட்டாம் படி: பொறுப்பைத் தூக்குவதும் தட்டிக்கழிப்பதும்

இங்கேதான் ஃப்ரேசல் வெர்ப்கள் உள்ளே வருகின்றன. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் நிற்காது. ஒரு பொறுப்பு ஒரு மனிதரிடம் வந்து சேர்ந்து, நிறைவேறுவதோ நழுவுவதோ வரை கூடவே நடந்து பாருங்கள்.

தேயிலை ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார். ஃபேக்டரிக்கு ஆடிட் வருகிறது. கணக்கெல்லாம் யார் பார்ப்பது? அவரே முன்வந்து ஏற்றால் “ஷீ டுக் ஆன் தி வொர்க்”. பெயர் கொடுத்துச் சேர்ந்தால் “ஷீ சைன்ட் அப் ஃபார் இட்”. யாரும் வராததால் அவர் தலையில் விழுந்தால் “இட் ஃபெல் டு ஹர்”. விருப்பமில்லாமல் மாட்டிக்கொண்டால் “ஷீ காட் லேண்டட் வித் இட்”. இந்தக் கடைசி வாக்கியம் ‘என் தலையில கட்டிட்டாங்க’ என்பதற்கு அப்படியே பொருந்துவதைக் கவனியுங்கள்.

ஏற்றாயிற்று. இனி செய்ய வேண்டும். உத்தரவையும் திட்டத்தையும் நிறைவேற்றுவது ‘கேரி அவுட்’. கவனித்து முடித்துவைப்பது ‘சீ டு’. “லீவ் இட் டு மீ, ஐல் சீ டு இட்” என்றால் ‘விடுங்க, நான் பார்த்துக்கறேன்’. சட்டத்துக்குக் கட்டுப்படுவது ‘அபைட் பை’, இது எழுத்து வழக்கு. சொன்ன சொல்லிலும் போட்ட திட்டத்திலும் நிலைத்திருப்பது ‘ஸ்டிக் டு’. படிவம் நிரப்புவது ‘ஃபில் இன்’, ஒப்படைப்பது ‘ஹேண்ட் இன்’. ஷிப்ட் முடிந்து அடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுப்பது ‘ஹேண்ட் ஓவர்’. நேரத்துக்கு வந்து நிற்பது ‘டர்ன் அப்’. விட்டுப்போன வேலையை ஈடுகட்டுவது ‘மேக் அப் ஃபார்’. பிடிக்காவிட்டாலும் பொறுத்துப்போவது ‘புட் அப் வித்’.

நழுவுபவர்களுக்கும் சொற்கள் உண்டு. பொறுப்பிலிருந்து தப்புவது ‘கெட் அவுட் ஆஃப்’. ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்வாங்குவது ‘பேக் அவுட்’. மேலதிகாரியே ‘சரி, இந்தத் தடவை விட்டுடறேன்’ என்றால் ‘லெட் ஆஃப்’. நீங்கள் கொடுத்த வாக்கை நினைவுபடுத்தி “ஐல் ஹோல்ட் யூ டு தட்” என்று ஒருவர் சொன்னால் சொன்னதைச் செய்தே ஆக வேண்டும்.

முதல் வகைச் சொற்களோடு இவற்றைக் கோத்தால்தான் வாக்கியம் முழுமையாகும். “வீ ஹேவ் டு ஹேண்ட் இன் தி ரிப்போர்ட் பை ஃப்ரைடே”. “வீ ஆர் சப்போஸ்ட் டு ஸ்டிக் டு தி லிஸ்ட்”. “யூ ஷுடன்ட் ஹேவ் டு புட் அப் வித் தட்”.

ஒரு விதி அவசியம். ‘ஃபில் இன்’, ‘ஹேண்ட் இன்’, ‘டேக் ஆன்’, ‘கேரி அவுட்’ ஆகியவற்றில் ‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுச் சொல் நடுவில்தான் உட்கார வேண்டும். “ஹேண்ட் இட் இன்” சரி, “ஹேண்ட் இன் இட்” தவறு. ‘ஸ்டிக் டு’, ‘அபைட் பை’, ‘சீ டு’, ‘புட் அப் வித்’, ‘கெட் அவுட் ஆஃப்’ ஆகியவை பிரியாது. “ஸ்டிக் டு இட்”, “புட் அப் வித் இட்”.

‘அப் டு யூ’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “இட்ஸ் அப் டு யூ” என்றால் உங்கள் விருப்பம், அங்கே கட்டாயமே இல்லை. “இட்ஸ் அப் டு அஸ் டு கீப் திஸ் ப்ளேஸ் க்ளீன்” என்றால் இந்த இடத்தைச் சுத்தமாக வைப்பது நம் பொறுப்பு. பின்னால் ‘டு’வும் வினையும் வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும்.

ஒன்பதாம் படி: விருந்தினரிடம்

கட்டாயத்தை மரியாதையோடு சொல்ல இரண்டு வழிகள் போதும். ஒன்று ‘யூல் நீட் டு’. “செருப்பைக் கழட்டிட்டு வாங்க” என்பதற்கு “யூல் நீட் டு டேக் ஆஃப் யுவர் ஷூஸ்”. இன்னொன்று, கசப்பான செய்திக்கு முன்னால் ‘ஐம் அஃப்ரெய்ட்’ சேர்ப்பது: “ஐம் அஃப்ரெய்ட் யூல் ஹேவ் டு லீவ் தி பாட்டில் ஹியர்”. பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைக்கும் சோதனைச்சாவடியில் நிற்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ வாய்ச்சண்டையை மிச்சப்படுத்தும்.

அலுவலகக் கடிதத்தில் ‘ஆர் டு’ வரும்: “ஆல் ஸ்டாஃப் ஆர் டு ரிப்போர்ட் அட் எய்ட்”. ஒப்பந்தத்தில் ‘ஷல்’ வரும். இரண்டும் படித்தால் புரிந்தால் போதும், வாயால் பேச வேண்டியதில்லை.

பத்தாம் படி: பயிற்சி

கீழே உள்ளவற்றை விடையைப் பார்க்காமல் முதலில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘இது எங்கிருந்து வருகிறது’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

“நேத்து ராத்திரி பூராவும் ஃபேக்டரியில இருக்க வேண்டியதாப் போச்சு.” வேறு வழியில்லை, நடந்து முடிந்தது. “ஐ ஹேட் டு ஸ்டே அட் தி ஃபேக்டரி ஆல் நைட்.”

“இலையை முதல்ல வாட்டணும், அப்புறம்தான் உருட்டணும்.” செய்முறையின் விதி, செய்பவர் யாரென்பது முக்கியமில்லை. “தி லீஃப் ஹேஸ் டு பி விதர்ட் பிஃபோர் இட்ஸ் ரோல்ட்.” ஃபேக்டரியைச் சுற்றிக்காட்டுபவர்கள் இந்த ‘ஹேஸ் டு பி’யை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவைப்படும்.

“ஃபாரத்தை இன்னிக்கே நிரப்பிக் கொடுத்துடுங்க, இல்லேன்னா இடம் போயிடும்.” எச்சரிக்கை. நண்பர் என்றால் “யூட் பெட்டர் ஃபில் இட் இன் டுடே”. விருந்தினர் என்றால் “யூல் நீட் டு ஃபில் இட் இன் டுடே”.

“மேலே ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும்.” மலைச்சாலை விதி. “யூ ஹேவ் டு கிவ் வே டு வெஹிக்கிள்ஸ் கோயிங் அப்.”

“அட்வான்ஸ் கட்ட வேண்டாம் சார்.” வேண்டாம் வந்துவிட்டது. கூடாதா, தேவையில்லையா? தேவையில்லை. “யூ டோன்ட் ஹேவ் டு பே இன் அட்வான்ஸ், சார்.”

“ராத்திரி வெளியே நடக்க வேண்டாம் சார், காட்டெருமை வரும்.” அதே வேண்டாம், அதே சார். இப்போது தேவையில்லை என்று சொன்னால் ஆள் வெளியே போய்விடுவார். “ப்ளீஸ் டோன்ட் வாக் அவுட்சைட் அட் நைட், சார். தேர் ஆர் பைசன் அரவுண்ட்.” அவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தால் தயங்காமல் “சார், யூ மஸ்ட் நாட் கோ அவுட்” என்று சொல்லுங்கள்.